மீன்தொட்டியில் ஒரு பரிசோதனை

முருகம்மாள் குழந்தையை அடித்துவிட்டாள்.

மீன்தொட்டியைத் தொடப் போன நாலு வயது வத்சலாவின் கையில் விழுந்த அடி. ஐந்து விரல்களையும் எண்ணிப் பார்க்கலாம்.

கோமளம் அடுக்களையிலிருந்து ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

"வேலை செய்யறவ கை நீட்டற வீடா இது?"

"புள்ள தொட்டிருமோன்னு பயந்து அடிச்சிட்டேம்மா. அந்தத் தொட்டியில கரண்டு சுள்ளுன்னு இழுக்கி. மூணு மாசமா நாந்தான தொடைக்கேன்."

அப்படியானால் மூன்று மாதமாக ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கோமளம் கேட்டாள். சொன்னால், துடைக்கச் சோம்பல்பட்டுக் கதை கட்டுகிறாள் என்பீர்கள் என்று பதில் வந்தது.

கோமளம் இண்டர்மீடியட்டில் பௌதிகம் படித்தவள். பரிசோதிக்காமல் தீர்ப்புச் சொல்வது அவள் வழக்கமில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்த தொட்டியின் இரும்புச் சட்டத்தில் கையை வைத்தாள். ஒன்றும் நேரவில்லை. விஞ்ஞானத்துக்கு மரியாதையாக இரண்டாவது கையையும் வைத்தாள். தங்க மீன்கள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தன, அவ்வளவுதான்.

"எங்கேடி இழுக்கறது?"

நான் தொட்டுக் காட்டட்டுமா என்றாள் முருகம்மாள். நடித்துக் காட்டுவதெல்லாம் சாட்சி ஆகாது என்று கோமளம் சொல்லிவிட்டு, கணவர் சந்தானத்தின் பக்கம் திரும்பினாள். அந்தத் தொட்டி அவர் ஆசையாக வாங்கி வைத்தது.

"நீங்களே சொல்லுங்கோ."

"உன் இஷ்டம்" என்றார் சந்தானம். பேப்பர் கீழே இறங்கவில்லை.

கோமளம் முருகம்மாளை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினாள். மாலைக்குள் அந்தப் பம்பாய் மாட்டுங்கா கட்டடத்தின் மூன்று மாடிக்கும் சேதி போயிற்று: அவள் குழந்தையை அடிப்பவள். அதே கட்டடத்தில் அவள் பாத்திரம் தேய்த்த மற்ற நாலு வீடுகளும் அந்த வாரமே கதவைச் சாத்தின.

மூன்று வாரம் கழித்துத் தொட்டியின் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. தாராவியிலிருந்து எலக்ட்ரீஷியன் சொரிமுத்து வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சட்டத்தில் கை பட்டதும் துள்ளிப் பின்னால் போனான்.

மூடியின் தகர விளிம்பு வயரை அறுத்திருக்கிறது, சட்டம் முழுக்கக் கரண்டு ஓடுகிறது என்றான். தான் இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்ததாகக் கோமளம் வாதாடினாள். சொரிமுத்து அவள் காலைப் பார்த்தான். குதிகால் வலிக்காக வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்ளும்படி டாக்டர் சொல்லியிருந்த ரப்பர் செருப்பு.

"அதப் போட்டுக்கிட்டுத் தொட்டா ஒண்ணும் தெரியாதும்மா. செருப்ப வாசல்ல விட்டுட்டு ஈரத் தரையில நிக்கிறவங்களத்தான் பிடிக்கும்."

கோமளம் அப்போதே தாராவிக்குப் போனாள். முருகம்மாள் இருந்த அறையில் வேறு யாரோ இருந்தார்கள். வேலை தேடி ஆண்டாப் ஹில் பக்கம் போய்விட்டதாகப் பக்கத்து அறைக்காரி சொன்னாள். அங்கே எங்கே என்பது அவளுக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த சந்தானத்திடம் கோமளம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"என் குழந்தையைக் காப்பாத்தினவளை நாலு வீட்டுப் பிழைப்பையும் கெடுத்துத் துரத்திட்டேனே. நான் படிச்ச படிப்பு எதுக்கு?"

சந்தானம் அன்று பேப்பரைப் பிரிக்கவே இல்லை.

"எனக்கும் ஒரு தடவை ஷாக் அடிச்சது, கோமளம். குளிச்சுட்டு வந்து தொட்டியைத் துடைக்கறச்சே. அதுக்கப்புறம்தான் அவளைத் துடைக்கச் சொன்னேன்."