கிருமி இல்லை

மூன்றாம் நாள் பகல். நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து தாயின் மடியில் வைக்கிறாள். பிரசவத்தின்போது தாய்க்குக் காய்ச்சல். அதனால் பிள்ளையின் ரத்தத்திலும் கிருமி இருக்கிறதா என்று பார்க்கப் பிறந்தவுடனே குழந்தைகள் வார்டுக்குத் தூக்கிப்போயிருந்தார்கள். ஊசி குத்திய பிஞ்சுக் கை நீலம் பாரித்திருக்கிறது. “கிருமி ஒண்ணும் இல்லம்மா. பால் குடு.” செங்கல் சுமந்து காய்த்த விரல்களால் தாய் ரவிக்கையை அவிழ்க்கிறாள். மார்பு கல்லாய் இறுகியிருக்கிறது; தொட்டாலே உயிர் போகிறது. குழந்தை ஒருமுறை வாய் வைத்துவிட்டு, முகம் சிவக்க வீறிடுகிறது. “பொறந்து மூணே நாளு, தொரைக்கு வர்ற கோவத்தப் பாரு,” என்று துணைக்கு வந்திருக்கும் தாயின் அக்கா சிரிக்கப் பார்க்கிறாள். மறுபடி வைக்கிறார்கள். அதே வீறல். “புட்டிப் பாலுக்குப் பழகிடுச்சு,” என்கிறாள் நர்ஸ். “கேட்டிருந்தா என் பாலப் பீச்சிக் குடுத்திருப்பேனே சிஸ்டர்.” “ரிசல்ட் வராம உன் பால உள்ள வாங்க மாட்டாங்கம்மா.” அவள் அடுத்த கட்டிலுக்கு நகர்கிறாள். அழுது அழுது குழந்தையின் தொண்டை கம்முகிறது. “பசியில கெடந்து சாகவா? குடுடி இங்க.” அக்கா பிள்ளையைப் பிடுங்கி வாயில் நர்ஸ் கொண்டுவந்த புட்டியை வைக்கிறாள். அழுகை சட்டென்று நிற்கிறது. சப்புகிற சத்தம் மட்டும் கேட்கிறது. அதைக் கேட்டுத் தாயின் மார்பு தானாகச் சுரந்து, சேலையை நனைத்து, வெறும் மடியில் சொட்டுகிறது.