மேட்டில் யாருமில்லை

“பள்ளிக்கூடத்துக்கு ஒரு கோடு, அதுக்கு ஒரு கோடா?”

“நான் சொல்றத முழுசாக் கேட்டுட்டு—”

“கடல் ஒண்ணுதானே?”

“சொல்ல விடுங்களேன்.”

அவள் புருஷன் விடவில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, அவளுடைய மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

காலையில் ஊர்க் கூட்டத்தில் வரைபடத்தை மாட்டியவள் அவள்தான். திட்ட அலுவலகத்தில் வேலை. கடல் எதுவரை ஏறலாம், எதை எங்கே மாற்றிக் கட்டலாம் என்று வாழ்க்கைப்பட்ட ஊருக்கே சொல்லப் போயிருந்தாள். கணினி மாதிரிகள் ஒவ்வொன்றும் கடல் ஏறும் எல்லையை ஒவ்வொரு கோடாகக் காட்டும், எதுவும் ஆரூடமில்லை, எது வந்தாலும் தாங்குகிற மாதிரி தயாராகலாம் என்றாள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தண்ணீர்த் தொட்டிக்கெல்லாம் இருப்பதிலேயே மோசமான கோடு. ஆளில்லாத இடத்துக்கு நடுக்கோடு போதும்.

“கடலு வர்றதுக்குள்ள அந்தத் தொட்டிக்குத் தண்ணி வருமா அண்ணி?” என்று கேட்டாள் அவன் தங்கை அஞ்சலாட்சி. கூட்டமே சிரித்தது.

சவுக்குத் தோப்பைத் தாண்டி, கடல் பக்கம் இருக்கும் மேட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த ஊரில் அதைப் பேசுவதில்லை.

பால்குடி மறக்காமல் போகிற பிள்ளைகளை அங்கேதான் புதைப்பார்கள். கல் நடுவதில்லை. ஆண்கள் மட்டும் போய், திரும்பிப் பார்க்காமல் வந்து, கடலில் முழுகிவிட்டு வீடு சேருவார்கள். எந்த இடம் என்று பெற்றவள் கேட்கக் கூடாது.

அவள் கேட்டதில்லை.

ஆனால் கடல் ஏறுகிற நேரமெல்லாம், இத்தனை வருஷம் கழித்தும், அவளுக்கு மார்பு கனக்கிறது. எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை.

“நடுக்கோட்டுல மேடு தப்பிச்சிரும்,” என்றாள்.

“மோசமான கோட்டுல?”

அவனே விசையை அழுத்திப் பார்த்தான்.

நீலம் சவுக்குத் தோப்புவரை வந்து நின்றது. மேடு இருந்த இடத்தில் மேடு இல்லை.

எந்த இடத்துக்கு எந்தக் கோடு என்பதை அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்வார்கள் என்று மெல்லச் சொன்னாள். வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆள்கணக்கு போடுவார்கள்.

மேட்டின் கட்டத்தில் பூஜ்யம் இருந்தது.

“இத கம்ப்யூட்டர் போட்டுச்சா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

“நான்தான் போட்டேன்.”

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

திரையில் விரலை வைத்தான். நகக்கண்ணில் படகுக்கு அடித்த பச்சைப் பெயிண்ட். விரல் மேட்டின் மேல் ஊர்ந்து, வடக்கு ஓரமாய்க் கொஞ்சம் இறங்கி, ஓரிடத்தில் நின்றது.

அங்கேயே நின்றது.

அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். முதல் தடவையாக.

பிறகு பூஜ்யத்தை அழித்தாள். கட்டம் காலியாக மினுக்கிக்கொண்டிருந்தது. ஒன்று என்று அடித்தாள்.

கட்டம் சிவந்தது. ஆளிருக்கும் இடத்தின் நிறம். கீழே, ஊரின் மொத்தக் கணக்கில் ஒரு ஆள் கூடியது.

வெளியே கடல் ஏறத் தொடங்கியிருந்தது.

அவள் முந்தானையை இழுத்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இனி அவன் விரலை எடுத்துவிடுவான் என்று நினைத்தாள்.

எடுக்கவில்லை. அது கொஞ்சம் தள்ளிப்போய், இன்னோரிடத்தில் நின்றது.

“அஞ்சலாட்சிக்கு ரெண்டு,” என்றான்.