பதினேழாம் பெயர்

அந்தச் சிறுமி இன்றைக்கும் வந்துவிட்டாள். வகுப்பின் மேற்குச் சன்னலுக்கு வெளியே, கார்த்திகை மழையில் தலை நனைய, கம்பியைத் தொடாமல் ஓரடி தள்ளியே நின்றாள்.

சௌந்தரவல்லி டீச்சர் பாடத்தை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் பார்த்தாள். காரைக்காலில் வண்டி ஏறி, நெரவி தாண்டி, இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அவள் வேலைக்கு வந்து இன்றோடு பத்து நாள். பத்து நாளும் அந்தப் பிள்ளை அதே இடத்தில், அதே பச்சைப் பாவாடையோடு நிற்கிறது. வேறு ஒருவர் கண்ணுக்கும் அது தெரிந்தாற்போல் இல்லை.

முதல் நாளே வகுப்பில் கேட்டுப் பார்த்தாள். "வெளியில நிக்குதே, அந்தப் பொண்ணு யாரு?"

"யாரும் இல்லையே டீச்சர்!" என்று நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரு பிள்ளைகூடச் சன்னல் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

வருகைப் பதிவேட்டில் பதினேழாம் பெயர் தையல்நாயகி. அதன் மேல் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது. ஏன் என்று கேட்டதும் தலைமையாசிரியர் தெட்சிணாமூர்த்திக்கு முகமே வெளுத்துப்போனது.

"அந்தப் பேரைப் பள்ளிக்கூடத்துல சொல்லாதீங்க டீச்சர். நாங்க யாரும் சொல்றதில்ல."

மணியடிக்கும் பியூன் நூகு இன்னும் ஒரு படி மேலே போனார். தண்ணீர்ப் பானையை மூடிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அந்தப் பக்கம் பாக்காதீங்கம்மா. பேச்சுக் கீச்சுக் குடுத்துராதீங்க. அப்புறம் அது உங்களையும் புடிச்சுக்கும், லேசுல வுடாது."

"அப்ப உங்க கண்ணுக்கும் தெரியுதா?"

நூகு மணியடிக்கப் போய்விட்டார். அது மணியடிக்கிற நேரமே இல்லை.

பேயாவது பிசாசாவது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள்தான் சௌந்தரவல்லி. தன் கண்ணுக்கு மட்டும் ஒன்று தெரிந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? வேலையோ தற்காலிகம். மாதக் கடைசியில் தெட்சிணாமூர்த்தி நல்லபடியாக ஒரு வரி எழுதினால் நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். டீச்சருக்குப் புத்தி சரியில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு! வீட்டில் படுத்த படுக்கையாய் அப்பா, படிக்கிற தங்கைகள் இருவர். வாயைப் பொத்திக்கொண்டு பத்து நாளை ஓட்டிவிட்டாள்.

இன்று டிசம்பர் பத்து. மனித உரிமை நாள் பாடம் நடத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து காகிதம் வந்திருந்தது. பிரெஞ்சுக்காரன் போய் ஒரு வருசம் ஆகிறது. அவன் சுவரில் எழுதிவிட்டுப் போன சுதந்திரமும் சமத்துவமும் இரண்டு கை வெள்ளையடித்தும் மங்கலாகத் தெரிந்தன. அதன் கீழே நின்றுதான் அவள் சொல்லிக்கொடுத்தாள்.

"மனிதர் எல்லாரும் சமமாகப் பிறக்கிறார்கள்."

"மனிதர் எல்லாரும் சமமாகப் பிறக்கிறார்கள்!" என்று நாற்பது தொண்டைகள் கத்தின.

கத்தல் அடங்கியது. சன்னலுக்கு வெளியே ஒற்றைக் குரல் ஒன்று, கொஞ்சம் பிந்தி, அதே வரியைச் சொல்லி முடித்தது. முடித்த கையோடு ஒரு தும்மலும் போட்டது.

பேய் எங்கேயாவது தும்முமா? சௌந்தரவல்லி சாக்பீஸைக் கீழே போட்டாள். விறுவிறுவென்று வெளியே போய், மழையில் இறங்கி, அந்தப் பிள்ளையின் கையை எட்டிப் பிடித்தாள். கை கொதித்தது. நல்ல காய்ச்சல்.

"அய்யோ, வுடுங்க டீச்சர்!" என்று பிள்ளை துடித்தது. "எங்க வூட்ட ஊர்ல தள்ளி வச்சிருக்காங்க. மிராசுதாரு பண்ணையாள அடிச்சத எங்கப்பா பாத்தாரு. கோர்ட்டுலயும் போயி, ஆமா பாத்தேன்னு சொல்லிட்டாரு."

"அதுக்கு?"

"அதுலேர்ந்து எங்கள யாரும் பாக்கக் கூடாது, பேசக் கூடாது. மீறினா அவங்களையும் தள்ளி வச்சிருவாங்க. வுட்டுடுங்க டீச்சர், உங்களுக்கு ஆவாது."

பத்து நாளாகத் தானும் இந்தப் பிள்ளையைப் பார்க்காததுபோலத்தானே இருந்தோம் என்று நினைத்தபோது சௌந்தரவல்லிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. மாதக் கடைசியும் ஞாபகம் வந்தது, அப்பாவும் ஞாபகம் வந்தார். இருந்தும் பிடித்த கையை அவள் விடவில்லை.

"வா தையல்நாயகி, உள்ள போவோம்."

முந்தானையால் தலையைத் துவட்டி, கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்தாள். பதிவேட்டை எடுத்து, பதினேழாம் பெயரைக் கோட்டுக்கு மேலே மறுபடி எழுதினாள்.

"இனிமே இவ இங்கதான் உக்காருவா. என்ன பிள்ளைங்களா, சரிதானே?"

நாற்பது முகங்களும் மெல்ல வாசல் பக்கம் திரும்பின. அங்கே தெட்சிணாமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, தெரியாது.

"சார், இந்த அநியாயத்த நீங்களாவது கேக்கக் கூடாதா?"

அவர் அவள் முகத்தை ஒரே ஒரு கணம் பார்த்தார். பிறகு பார்வை அவளைத் தாண்டிக் கரும்பலகைக்குப் போய்விட்டது.

"சார்! சார்!" கடைசி வரிசையில் குட்டி ராஜம் எழுந்து நின்றாள். போன வாரம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளை. "டீச்சர் உங்களத்தான் கூப்புடுறாங்க."

"எந்த டீச்சர்?" என்றார் தெட்சிணாமூர்த்தி.