கீழே கேட்குமா?

"அப்பா, அவர் தூங்கிட்டாரு."

"தூங்கலை. நீ வாசி."

பியானோ கடை நடுவில், தரையில் காதை ஒட்டவைத்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார் கீழ்வீட்டுக்காரர். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பஸ் டிரைவரான அப்பாவுக்கு மானமே போயிற்று.

மகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்றாவது டிஜிட்டல் பியானோவை வாசித்துக்கொண்டிருந்தாள். வெளியே பாட்டு வரவில்லை. கட்டைகள் இறங்கி ஏறுகிற 'தொம் தொம்' மட்டும் லேசாகக் கேட்டது.

கீழ்வீட்டுக்காரர் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். கண்கள் ரத்தச் சிவப்பு.

"ம்ஹூம். இதுவும் சரிப்படாது."

டிரைவர் பல்லைக் கடித்தார். வேறு என்ன செய்ய?

மூன்று மாதமாக இதே கூத்து. சாயங்காலம் மகள் பழைய கீபோர்டைத் தொட்டால் போதும், கீழேயிருந்து துடைப்பக்கட்டையால் இடி விழும். டம், டம், டம். சத்தத்தைக் குறைப்பார்கள். மறுபடி டம். இன்னும் குறைப்பார்கள். இன்னும் பலமாக டம். வீட்டில் அவருக்கு 'டமாரம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

போன வாரம் வீட்டு ஓனர் கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை அவர் இடிக்கிறது என் காதுல விழுந்துச்சு, அப்புறம் இந்தக் கட்டடத்துல பாட்டுங்கற பேச்சே இருக்கக் கூடாது."

பியானோ டீச்சரோ, எண்பத்தெட்டு கட்டை உள்ள பியானோ இல்லாமல் பரீட்சைக்கு வராதே என்கிறார். கட்டையை அழுத்தினால் விரலுக்குக் கனம் தெரிய வேண்டுமாம். பழைய கீபோர்டில் கட்டையும் போதாது, கனமும் கிடையாது.

அதனால்தான் டிரைவர், டமாரத்தின் கதவுக்கடியில் ஒரு சீட்டுப் போட்டார். 'புது பியானோ வாங்கப் போகிறோம். எது என்று நீங்களே வந்து சொல்லிவிடுங்கள்.' மனுஷன் நிஜமாகவே வந்து நிற்பார் என்று யார் கண்டது?

கடைக்காரர் பொறுமை இழந்துவிட்டார்.

"சார், இதைவிட மெத்துன்னு கட்டை எங்கயும் கிடைக்காது. இதுக்கு மேல அமைதி வேணும்னா, பியானோ படத்தை வாங்கி சுவத்துல மாட்டிக்கலாம்."

"நான் வேணா கட்டையைத் தொடாமலே வாசிக்கிறேன் அங்கிள்" என்றாள் மகள். குரலில் அழுகை பாதி, கோபம் பாதி.

கீழ்வீட்டுக்காரர் அதைக் கவனிக்கவே இல்லை. மூலையைக் கை காட்டினார்.

"அது என்ன, பீரோ மாதிரி?"

"ஐயோ, அது வேணாம் சார். பழைய மாடல். விலை இதேதான், ஆனா ஆறு ஸ்பீக்கர். பள்ளிக்கூட ஹாலுக்கு வாங்கிட்டுப் போவாங்க. வீட்டுல வெச்சா தெருவே எழுந்து உக்காந்துடும்."

கீழ்வீட்டுக்காரர் விடுவிடுவென்று அங்கே போனார். அதில் சொருகியிருந்த ஹெட்போனைப் பிடுங்கி எறியாத குறையாக ஓரமாக வைத்தார். திரும்பவும் தரையில் படுத்தார்.

"வாசிம்மா. பயப்படாம வாசி."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் கூரையைப் பார்த்தார்.

அவள் வாசித்தாள். கடையே அதிர்ந்தது. கண்ணாடி அலமாரி கிணுகிணுத்தது.

கீழ்வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். "இதுதான்! இதையே வாங்குங்க!"

டிரைவருக்கு வந்ததே கோபம். "என்ன சார், விளையாடறீங்களா? பிஞ்சு கீபோர்டுக்கே அந்த இடி இடிச்சீங்க. இதை வாங்கிட்டுப் போனா கூரையே பிய்ச்சுக்கும். எங்களை வீட்டை விட்டுத் துரத்தணும், அவ்வளவுதானே?"

"ஐயையோ, இல்லீங்க!"

"பின்ன?"

கீழ்வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.

"எங்க வீட்டுல ஒரு குட்டி இருக்கா. ஆறு மாசம். உங்க பொண்ணு வாசிச்சாத்தான் தூங்குவா. பாட்டு சன்னமாச்சுன்னா வீல்னு கத்துவா. ஒரு தோள்ல அவ, இன்னொரு கையில துடைப்பம். 'கொஞ்சம் சத்தமா'ன்னுதான் தட்டினேன். நீங்க குறைச்சீங்க. அவ கத்தினா. நான் இன்னும் தட்டினேன். நீங்க இன்னும் குறைச்சீங்க."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே சார்!"

"மேல வந்தேனே. உங்க வீட்டம்மா கதவைத் திறந்தாங்க. 'இனிமே சத்தமே வராதுங்க, மன்னிச்சிடுங்க'ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டுச் சாத்திட்டாங்க. என்னைப் பேசவே விடலை. இன்னிக்குத்தான் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கீங்க. தரை வழியா எது நல்லாக் கேக்குதுன்னு பார்த்துட்டிருந்தேன். முதல் மூணும் சுத்தமா உதவாதுங்க."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்போ மூணு மாசமா நான் பயந்து பயந்து வாசிச்சதாலதான் பாப்பா தூங்கலையா?"

"பாப்பா மட்டுமா?" என்று தன் கண்ணைக் காட்டினார் அவர்.

டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். ஓனர் காதிலும் இந்தக் கதையைப் போட்டுவிடலாம், அவருக்கும் பேரன் பேத்தி இருக்கிறார்கள்.

பில் போடும்போது போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, எதுவோ ஒண்ணை வாங்கிட்டீங்களா? நல்லாக் கேட்டுக்கங்க. கூடவே நல்ல ஹெட்போன் ஒண்ணு வாங்குங்க. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா அதைச் சொருகணும். புரியுதா?"

"புரியுது, புரியுது" என்றார் டிரைவர்.

ஹெட்போன் மட்டும் வாங்கவில்லை.