தினமும் பார்க்கிறவர்

கொரோனா நோய்த்தொற்றுக்கு முன்னால் காற்று வாங்கிக் கிடந்த அந்த அழகு அறுவை சிகிச்சை மருத்துவமனையில், இப்போது உட்கார நாற்காலி இல்லை. நின்றுகொண்டே பொரிந்து தள்ளினாள் அக்கா.

“அந்த ஆள் சொன்னா மூக்கை அறுத்துக்குவியா?”

“தினமும் என் முகத்தைப் பார்க்கிறவர் அவர்தானேக்கா. குடமிளகா மாதிரி இருக்காம்,” என்றாள் தங்கை.

உள்ளே டாக்டர் மூக்கை அளந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“எடுப்பான மூக்கும்மா. இதுல கை வைக்க ஒண்ணுமே இல்ல. குறை சொன்னவரைக் கூட்டிட்டு வாங்க, நான் பேசறேன்.”

தங்கை தலைகுனிந்தாள். “அவர் வெளிநாட்டுல இருக்கார் டாக்டர். ஊரடங்கு அப்போ வீடியோ கால்லயே நிச்சயம் பண்ணிட்டாங்க. இன்னும் நேர்ல பார்த்துக்கிட்டதே இல்ல.”

“அதானே பார்த்தேன்! ஃபோனை அவ்வளவு கிட்ட வெச்சா யார் மூக்கும் பெருசாத்தான் தெரியும்.”

அந்த நேரம் பார்த்து வீடியோ காலில் வந்தான் அவன். “என்னைக்கு ஆபரேஷன்?”

திரை முழுக்க அவன் மூக்குதான் தெரிந்தது. தங்கைக்குச் சுர்ரென்று ஏறியது.

“உங்க மூக்கும்தான் பூசணிக்கா மாதிரி தெரியுது. நான் ஒரு நாளாவது வெட்டிக்கச் சொன்னேனா?”

அழைப்பைத் துண்டித்தாள். நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி அக்கா கையில் வைத்தாள்.

“இது கூரியர்லதானே வந்துச்சு? கூரியர்லயே போகட்டும்.”