முத்துக்கனி அம்மன் கொடை

"கழுத்த நெரிச்ச இடத்த இன்னொருக்கா பாடும் புலவரே!"

கூட்டம் கேட்டதும் வில்லுப்பாட்டுக்காரரின் வில்லில் மணிகள் மறுபடி குலுங்கின. உச்சி வெயிலிலும் ஒருவரும் எழுந்து போகவில்லை. ராஜா ஆட்சி முடிந்த வருசம் பூதப்பாண்டியில் புருசன் கையால் செத்தவள் முத்துக்கனி. செத்த இடத்தில் பிடிமண் எடுத்துவந்து, இராஜாக்கமங்கலத்தில் அவளுக்குப் பீடம் போட்டபின் இதுதான் முதல் கொடைத் திருவிழா.

புலவர் பாடினார். மணிக்கட்டில் கொள்ளிக்கட்டையால் சுட்டானாம். கழுத்தை நெரித்துக் குளத்தில் தள்ளினானாம். அழுகி மிதந்த உடம்பைச் சேலையை வைத்துத்தான் அடையாளம் கண்டார்களாம்.

உலகம்மாள் மூக்கைச் சிந்தினாள். அடுத்த வீட்டில் குடியிருக்க வந்த செல்லத்தாய் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, ஒனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல்லியே?"

"அவ அலறினப்ப அக்கம்பக்கத்துல யாரும் வரல்லியாமா?"

"புருசன் பொண்டாட்டி சண்டைக்குள்ள யாரு போவா? அந்தப் பாவியத் தூக்குல போடாம, ஜெயிலுல வச்சுச் சோறு போடுகானுவ."

"அவன் கொல்லாம இருந்திருந்தா?"

"வாயப் பொத்துட்டி! அம்மை கேட்டுட்டு இருக்கா."



பூசாரி, அம்மனுக்குச் சாத்திய மஞ்சள் குழைவான மஞ்சணைத் தட்டோடு வந்தார். "நல்லா வேண்டிக்கோ மக்கா. கேட்டதத் தருவா."

செல்லத்தாய் இரண்டு கைகளையும் ஏந்தினாள். சேலைத் தலைப்பு விலகியது. மணிக்கட்டிலிருந்த பழைய தீத்தழும்பின் மேல் கொஞ்சம் மஞ்சணை சிந்தியது.

தன்னிடமே என்ன கேட்பது என்று முத்துக்கனிக்குத் தெரியவில்லை.