குண்டு பல்பும் வால்நட்சத்திரமும்

இந்தக் காலத்து ஆட்கள் முதலில் செய்துவிடுகிறார்கள், சொல்வது பிறகுதான். பொரித்து மூன்று நாளான, தாயில்லாத கோழிக்குஞ்சுகளுக்குக் கதகதப்பாக நான் போட்டிருந்த குண்டு பல்பை, பக்கத்து வீட்டு இளவழகன் வேலி தாண்டி வந்து அணைத்துவிட்டுப் போயிருக்கிறான். குளிரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியதில் அடியிலிருந்த இரண்டு செத்துவிட்டன. பல்பைப் போட்டுவிட்டுக் கேட்கப் போனேன்.

கொல்லையில் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருந்தான். "பெரியப்பா, வால்நட்சத்திரம். இனிமே எண்பதாயிரம் வருசம் கழிச்சுத்தான் வரும். பாருங்க."

"ரெண்டு குஞ்சு செத்துப்போச்சுடா."

"ஐயோ. நாளைக்கு வேற வாங்கித் தரேன். மொதல்ல இதப் பாருங்க."

பார்த்தேன். கண்ணாடியில் எண்ணெய் விரல் பட்டது போல ஒரு மங்கல்.

"அந்தப் பல்ப அஞ்சு நிமிசம் அணைச்சீங்கன்னா வால் நல்லாத் தெரியும்."

"தெரிஞ்சு?"

பதிலுக்கு நிற்காமல் கூட்டுப் பக்கம் நடந்தேன்.